பொங்கல் விடுமுறையில் எதைப் பார்ப்பது, எதைப் படிப்பது? 2024-இலிருந்து ஒரு தேர்வு

இந்தப் பொங்கலுக்கு அரசு 17-ஆம் தேதியையும் விடுமுறையாக அறிவித்துவிட்டதால், 2025 ஜனவரி 14 முதல் 19 வரை சேர்ந்தாற்போல் 6 நாள் கிடைத்திருக்கிறது. போன வருடம் முழுக்க "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்ட படங்களுக்கும், வாங்கிப் பிரிக்காமல் கிடக்கும் புத்தகங்களுக்கும் இதைவிட்டால் நேரம் அமையாது. ஆனால் 6 நாளும் நம் கையில் இருக்கப் போவதில்லை. ஊருக்குப் போய் வரும் பயணம், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கலுக்கு வரும் உறவுகள் எல்லாம் போக மிஞ்சுவது இரண்டு படம், ஒரு தொடர், ஒரு புத்தகம். அந்த நான்கு இடங்களையும் 2024-இல் வந்தவை, 2024-இல் பேசப்பட்டவை ஆகியவற்றைக் கொண்டு எப்படி நிரப்புவது என்றுதான் சில நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆண்டு முடிவில் வந்த 'டாப் டென்' பட்டியல்கள் இதற்கு உதவவில்லை. ஒரு படத்துக்கு நான்கு நட்சத்திரம், இன்னொன்றுக்கு மூன்றரை என்று போடும்போது, அதை யார் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள் என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. பண்டிகை வீட்டில் அதுதான் முதல் கேள்வி. ஹாலில் எழுபது வயதுப் பெரியம்மாவும் ஐந்தாம் வகுப்புப் பையனும் இருக்கும்போது போடக்கூடிய படம் வேறு. இரவு பதினொரு மணிக்கு எல்லோரும் தூங்கிய பிறகு தனியாகப் பார்க்க வேண்டிய படம் வேறு. இரண்டில் எது உயர்ந்தது என்ற விவாதம் நல்ல விவாதம்தான், ஆனால் ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு அது பயன்படாது. அதனால் யாரோடு, எந்த நேரத்தில், எவ்வளவு கவனம் கொடுக்க முடியும் என்பதை வைத்துத்தான் இங்கே ஒன்றோடு ஒன்றை நிறுத்திப் பார்க்கிறேன். அமரன் போன்ற பெரிய வெற்றிப் படங்களைத் தொடவில்லை. அவற்றைப் பார்க்க விரும்பியவர்கள் தீபாவளிக்கே தியேட்டரில் பார்த்திருப்பார்கள்.

ஒரே நாளில் வந்த இரண்டு படங்கள்

2024 ஆகஸ்ட் 23 அன்று மாரி செல்வராஜின் வாழை, பி.எஸ். வினோத்ராஜின் கொட்டுக்காளி இரண்டும் திரைக்கு வந்தன. வாழைக்குக் கூட்டம் வந்தது. கொட்டுக்காளிக்கு அந்த அளவுக்கு வரவில்லை. இப்போது இரண்டும் வீட்டிலேயே கிடைப்பதால் பலரும் கேட்பது, இதில் எதை முதலில் பார்க்கலாம் என்று.

வாழை இயக்குநரின் சொந்தப் பால்யத்திலிருந்து எடுத்த கதை. தூத்துக்குடி மாவட்டத்துப் புளியங்குளம், தொண்ணூறுகளின் பிற்பகுதி. சிவனைந்தான் நன்றாகப் படிக்கிற பையன். பள்ளி இருக்கும் நாட்களில் அவனுக்கு வானம் முழுக்க வெளிச்சம். சனி, ஞாயிறு வந்தால் அம்மா வாங்கிய முன்பணத்தைக் கழிக்க வாழைத்தார் சுமக்கப் போக வேண்டும். விடுமுறையை நினைத்து ஒரு சிறுவன் பயப்படுகிறான் என்ற அந்த ஒரு செய்தியே போதும், நம் வீட்டுப் பிள்ளைகளை இந்தப் படத்துக்குள் இழுத்துவிட. ரஜினி ரசிகன் சிவனைந்தானும் கமல் ரசிகன் சேகரும் அடித்துக்கொள்ளும் இடங்களில் ஹாலே சிரிக்கும். நிகிலா விமல் நடித்த பூங்கொடி டீச்சர் மேல் அந்தப் பையன் வைக்கிற பிரியம், நாம் எல்லோரும் ஏதோ ஒரு டீச்சர் மேல் வைத்ததுதான். கலையரசன் நடித்த கனி கூலி உயர்வு கேட்டுப் பேசும் பகுதியைக் கவனமாகப் பாருங்கள். படத்தின் முடிச்சு அங்கேதான் விழுகிறது. அது எங்கே போய் நிற்கிறது என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. கடைசி அரை மணி நேரத்தில் துயரத்தை இசையாலும் காட்சியாலும் அழுத்திச் சொல்கிறார் இயக்குநர். அதற்கு முன் பசியோடு அந்தப் பையன் வெயிலில் நடந்துபோகும் பகுதியே நெஞ்சை அடைத்துவிடுகிறது. அந்த அடக்கத்திலேயே படம் நின்றிருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் தன் வீட்டுத் துக்கத்தைச் சொல்பவரிடம் அழுகையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் உரிமை நமக்கு எவ்வளவு தூரம் இருக்கிறது என்றும் யோசித்தேன். அதற்குப் பிறகு அந்தக் குறையைப் பெரிதாகச் சொல்ல மனம் வரவில்லை.

கொட்டுக்காளி வேறு ரகம். துபாயிலிருந்து வந்திருக்கும் பாண்டி (சூரி), அவனுக்குப் பேசி வைத்த மீனா (அன்னா பென்). மீனா வேறு சாதிப் பையனை விரும்புவதாக வீட்டில் தெரிந்துவிட்டது. அவள் வாயைத் திறப்பதில்லை. 'ஏதோ பிடித்திருக்கிறது' என்று முடிவுகட்டி, குலதெய்வத்துக்குப் பூசை போட்டு, சாமியாடியிடம் கூட்டிப்போகிறார்கள். ஷேர் ஆட்டோவில் பெண்கள், பின்னால் பைக்கில் ஆண்கள், பலிக்கு ஒரு சேவல். கதை இவ்வளவுதான். பின்னணி இசை கிடையாது. ஆட்டோ என்ஜின், பைக் ஹாரன், சேவலின் படபடப்பு, தொண்டை கட்டிப்போன பாண்டியின் கரகரத்த குரல் இவைதான் காதில் விழும். வினோத்ராஜின் முதல் படமான கூழாங்கல் 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. இந்தப் படம் 2024 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவின் ஃபோரம் பிரிவில் காட்டப்பட்டது. தயாரித்தது நடிகர் சிவகார்த்திகேயனின் நிறுவனம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்படி ஒரு படத்துக்குப் பணம் போட நம் ஊரில் ஆள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

இந்தப் பயணத்தில் ஒரு காளை மாடு வழியை மறித்து நிற்கும். அத்தனை ஆண்களும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்கள். ஒரு சின்னப் பெண் வந்து அதை ஓட்டிக்கொண்டு போவாள். வசனமாக யாரும் எதையும் சொல்வதில்லை, படம் அப்படியே நகர்ந்துவிடுகிறது. இன்னொரு இடத்தில், எங்கோ ஒலிபெருக்கியில் போகும் பாட்டை மீனா மெல்ல முணுமுணுக்கிறாள். அதைப் பார்த்த பாண்டிக்கு வருகிற வெறியும், அதற்குப் பிறகு அந்த ஆட்டோவுக்குள் விழுகிற அடியும் என்னை ரொம்ப நேரம் விடவில்லை. அடிப்பவன் சூரி. நாம் இத்தனை காலம் சிரித்துப் பழகிய முகம். படத்தின் முடிவு திறந்தே இருக்கிறது. பாண்டி என்ன முடிவெடுப்பான் என்று நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, எது? எனக்கு கொட்டுக்காளி மேல். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்காதீர்கள். பத்தாவது நிமிடத்தில் யாராவது "இன்னும் எவ்வளவு நேரம் ஆட்டோலயே போவாங்க?" என்று கேட்பார்கள், பதினைந்தாவது நிமிடத்தில் முறுக்குத் தட்டு வரும், படம் போய்விடும். அது கேட்பது முழு அமைதி. மனைவியோடோ கணவனோடோ, அல்லது தனியாக, போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் பார்க்க வேண்டிய படம். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகாது. வாழை கூட்டத்தோடு பார்த்தாலும் தாங்கும். ஒரே எச்சரிக்கை, பொங்கல் அன்றைக்கு வேண்டாம். வீட்டில் யாராவது சமீபத்தில் இழவு கண்டிருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் கட்டாயம் பார்க்கலாம். வாழைப்பழம் எப்படி நம் இலைக்கு வருகிறது என்று அவர்களுக்குத் தெரிவது நல்லது.

சிரிக்கவும் அழவும்

செப்டம்பர் 20-ஆம் தேதி லப்பர் பந்து, 27-ஆம் தேதி மெய்யழகன். ஒரு வார இடைவெளியில் வந்த இந்த இரண்டும் ஹாலுக்கான படங்கள். முந்தைய இரண்டைப் போல இவற்றுக்கு நிபந்தனைகள் அதிகம் இல்லை.

தமிழரசன் பச்சமுத்துவின் லப்பர் பந்து, ஊர் மைதானத்துக் கிரிக்கெட்டைப் பற்றியது. நடுத்தர வயதிலும் மட்டையைக் கீழே வைக்காத கெத்து (தினேஷ்), அவருடைய பலவீனம் என்னவென்று கண்டுபிடித்துவிட்ட இளைஞன் அன்பு (ஹரிஷ் கல்யாண்). இவர்களுக்குள் மைதானத்தில் பிறந்த பகை. அன்பு காதலிக்கிற துர்கா கெத்துவின் மகள். இதைக் கேட்டதும் முழுக் கதையும் தெரிந்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் படம் நம்மைப் பல இடங்களில் ஏமாற்றி நல்ல வழியில் கூட்டிப்போகிறது. அன்புவுக்குத் திறமை இருந்தும் ஊரின் பெரிய அணியில் ஏன் இடம் கிடைக்கவில்லை என்பதற்குக் காரணம் சாதி. அதைப் படம் பிரசங்கமாகச் சொல்வதில்லை, மறைப்பதும் இல்லை. டீம் எடுக்கிற பேச்சுவார்த்தையிலேயே அது வந்துவிடுகிறது. கிராமத்தில் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு அந்தப் பேச்சு நன்றாகத் தெரியும்.

கெத்து களத்தில் இறங்கும்போது 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' பாட்டு வரும். விஜயகாந்த் நடித்த பொன்மனச் செல்வன் படத்தில் இளையராஜா போட்ட பாட்டு. விஜயகாந்த் 2023 டிசம்பர் 28 அன்று மறைந்தார். ஒன்பது மாதம் கூட ஆகாத நிலையில் தியேட்டரில் அந்தப் பாட்டு வந்தபோது எழுந்த சத்தத்தை வீட்டு டிவி தராதுதான். இருந்தாலும் உங்கள் வீட்டு மாமாக்கள் கூடவே பாடுவார்கள், பாருங்கள். பெண்களுக்கு இந்தப் படத்தில் ஒன்றும் இருக்காது என்று நினைத்துவிட வேண்டாம். கெத்துவின் மனைவி யசோதையாக வரும் ஸ்வாசிகாதான் படத்தின் நிஜமான கெத்து. மாமியாருக்கும் அவருக்கும் இடையிலான பிணைப்பை எழுதியிருக்கும் விதம், சீரியல் மாமியார் மருமகளைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு மருந்து.

மெய்யழகன் பற்றிப் பேசினால் எனக்கு நிதானம் கொஞ்சம் குறைந்துவிடும். பிரேம்குமார் இயக்கிய படம். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை 1996-இல் இழந்து சென்னைக்குப் போன குடும்பத்தின் மகன் அருள்மொழி (அரவிந்த்சாமி), இருபத்திரண்டு வருடம் கழித்துத் தங்கை முறைப் பெண்ணின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். தலையைக் காட்டிவிட்டுக் கடைசிப் பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்பது திட்டம். அங்கே ஒருவன் (கார்த்தி) "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறான். அவன் யார், பெயர் என்ன என்பது அருளுக்கு நினைவில் இல்லை. கேட்கவும் கூச்சம். ஓர் இரவு முழுக்க இருவரும் பேசுகிறார்கள். சண்டை இல்லை, வில்லன் இல்லை.

மணமேடையில் அருள் தன் தங்கைக்கு நகை போட்டுவிடும் அந்தக் காட்சியைப் பார்த்துக் கண் கலங்காத அண்ணன் தங்கைகளை நான் இதுவரை சந்திக்கவில்லை. கல்யாண வீட்டுக் கூட்டத்தில் யார் எந்த முறை என்று தெரியாமல் சிரித்துச் சமாளிப்பது, பழைய வீட்டு வாசலைத் தாண்டிப் போகும்போது தலையைத் திருப்பிக்கொள்வது, இதெல்லாம் ஊரை விட்டு வந்தவர்கள் எல்லோருக்கும் நடந்ததுதான். கமல்ஹாசன் பாடியிருக்கும் 'போறேன் நான் போறேன்' பாட்டு ஆரம்பத்திலேயே வந்து நம்மை உட்கார வைத்துவிடும்.

குறை என்றால் நீளம். திரைக்கு வந்தபோது 177 நிமிடம். வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். வெட்டியதில் எனக்கு இரண்டு மனம். சோழர் பெருமை, ஜல்லிக்கட்டு என்று கார்த்தி நீளமாகப் பேசும் பகுதிகள் படத்தின் ஓட்டத்தை நிறுத்தின என்பது உண்மை. ஆனால் ராத்திரி விழித்துப் பேசும் சொந்தக்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள். எதற்கும் தொடர்பில்லாமல் ஒரு வரலாறு வரும், பிறகு அழுகை வரும். அதைக் கத்தரித்தால் இரவின் நீளம் குறைந்துவிடுகிறது.

இந்த இரண்டில் குழந்தைகளோடும் பெரியவர்களோடும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட லப்பர் பந்துதான் சரி. இடையில் எழுந்துபோய் வந்தாலும் கதை விட்டுப்போகாது. மெய்யழகனைக் காணும் பொங்கல் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரொம்ப நாளாகப் பேசாமல் இருக்கும் சித்தப்பா பையனோ அத்தை மகளோ அன்றைக்கு வீட்டுக்கு வருவதாக இருந்தால் இந்தப் படத்தைத் தவிர வேறெதையும் போடாதீர்கள்.

மகாராஜா? நித்திலன் சாமிநாதனின் திரைக்கதைக் கட்டுமானம் அபாரம், விஜய் சேதுபதிக்கு 50-ஆவது படம், நவம்பரில் சீனாவிலும் வெளியானது. ஆனால் கதையின் மையத்தில் ஒரு சிறுமிக்கு நடக்கும் கொடுமை இருக்கிறது. பண்டிகை ஹாலுக்கு வேண்டாம் என்பது என் திடமான கருத்து.

தொடர் பார்ப்பதானால்

ஒரு தொடரைத் தொடங்கி 6 நாளில் முடிக்க வேண்டும் என்றால் என் முன்னால் இரண்டு இருந்தன. ஒன்று பிப்ரவரியில் வந்த ஷோகன், 10 பகுதிகள். மற்றது டிசம்பர் 11 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்த 'தனிமையின் நூறு ஆண்டுகள்', முதல் 8 பகுதிகள். இரண்டுமே புகழ்பெற்ற நாவல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. இரண்டுமே பெரும்பாலும் ஆங்கிலமல்லாத மொழியில், அதாவது ஒன்று ஜப்பானியத்திலும் மற்றது ஸ்பானியத்திலும் நடப்பவை.

'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலை எழுதிய காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் உயிரோடு இருந்தவரை அதைத் திரைக்குத் தரச் சம்மதிக்கவில்லை. 1967-இல் வந்த நாவல், ஏழு தலைமுறைக் கதை. ஒரு சினிமாவுக்குள் அதை எப்படி அடக்குவது? 2014-இல் அவர் மறைந்த பிறகு, அவருடைய மகன்கள் நிர்வாகத் தயாரிப்பாளர்களாக இருக்க, கொலம்பியாவிலேயே ஸ்பானிய மொழியில் எடுத்திருக்கிறார்கள். மொத்தம் 16 பகுதிகள், 2024 டிசம்பரில் வந்தது பாதி. மகோந்தோ ஊர் கண் முன்னால் முளைத்து வளர்வதைப் பார்ப்பது உண்மையிலேயே பரவசம். தூக்கமின்மை நோய் ஊரைப் பிடித்து, மறதி வந்து, பொருள்கள் மேல் எல்லாம் பெயரை எழுதி ஒட்டும் அந்தப் பகுதியும், மஞ்சள் பூக்கள் மழையாகக் கொட்டும் காட்சியும் நான் படித்தபோது கற்பனை செய்ததைவிடக் குறைவாக இல்லை.

ஆனாலும் நாவலின் மந்திரம் அதன் சொல்முறையில் இருக்கிறது. ஒரே வாக்கியத்துக்குள் எதிர்காலத்திலிருந்து கடந்த காலத்தைத் திரும்பிப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் நம்மை நிறுத்திவிடும் அந்தக் குரல். தொடர் காலத்தை நேர்கோட்டில் அடுக்குகிறது, நடுநடுவே ஒருவர் கதை சொல்கிறார். புரிந்துகொள்ள எளிது, ஆனால் அந்தக் கிறுகிறுப்பு இல்லை. நாவலைப் படிக்காதவர்களுக்கு என் யோசனை, தொடரைத் தள்ளி வையுங்கள். தமிழிலேயே நாவல் கிடைக்கிறது. நிதானமாகப் படித்து முடிக்கலாம்.

அதனால் விடுமுறைக்கு ஷோகன். கதை 1600-இல் தொடங்குகிறது. ஓர் ஆங்கில மாலுமி ஜப்பான் கரையில் ஒதுங்குகிறான். உள்ளே அதிகாரப் போட்டி கொதித்துக்கொண்டிருக்கிறது. ஆரம்பத்தில் இது அந்த வெள்ளைக்காரனின் கதை போலத் தோன்றும். மூன்றாவது பகுதிக்குள் அவன் ஓரமாகப் போய்விடுகிறான். தொரனாகா என்ற பிரபுவும், மாலுமிக்காகப் பேச்சை மொழிமாற்றிச் சொல்லும் மாரிகோ என்ற பெண்ணும் கதையைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஹிரோயுகி சனாடா ஒரு புருவத்தைக் கூடத் தூக்காமல் ஒரு சபையையே நடுங்க வைக்கிறார். அன்னா சவாய் நடித்த மாரிகோ ஒன்பதாவது பகுதியில் செய்வதை நான் போன வருடம் பார்த்த எல்லாத் திரை நடிப்புக்கும் மேலே வைப்பேன். இந்தத் தொடர் 2024-இல் 18 எம்மி விருதுகள் வாங்கியது. ஒரு தொடரின் ஒரே பருவம் வாங்கியதில் இதுதான் அதிகம். அடுத்த பருவங்களும் வரப்போவதாக அறிவித்திருக்கிறார்கள், ஆனால் இந்த 10 பகுதிகளுக்குள்ளேயே கதை முழுமையாக முடிகிறது. விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும்போது மனதில் தொங்கல் இருக்காது.

முதல் பகுதியிலேயே ஓர் ஆளை உயிரோடு கொதிக்கும் தண்ணீரில் போடும் கொடூரம் உண்டு. வயிற்றைக் கிழித்துக்கொள்ளும் சடங்கும் வரும். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. துணைத்தலைப்பைப் படித்துக்கொண்டே பார்க்க வேண்டும் என்பதால், வெங்காயம் உரித்துக்கொண்டே பார்க்கவும் முடியாது. இரவுக்கு இரண்டு பகுதி என்று வைத்தால் ஐந்து இரவில் முடிந்துவிடும்.

ஒரு புத்தகம்

மூன்று புத்தகங்களை நினைத்து வைத்திருந்தேன். மூன்றும் 2024-இல் பெரிய விருதுகளால் பேசப்பட்டவை, மூன்றும் மூன்று திசை.

சமந்தா ஹார்வியின் 'ஆர்பிட்டல்' நவம்பரில் புக்கர் பரிசு பெற்றது. விண்வெளி நிலையத்தில் இருக்கும் ஆறு பேரின் ஒரே ஒரு நாள். அந்த 24 மணி நேரத்தில் அவர்கள் பூமியை 16 முறை சுற்றுகிறார்கள், 16 விடியல் பார்க்கிறார்கள். 136 பக்கம்தான். கதை என்று பெரிதாக ஒன்றும் நடக்காது. அவர்களில் ஒருவரான ஜப்பானியப் பெண்ணுக்குத் தாய் இறந்த செய்தி வருகிறது. கீழே பூமியில் ஒரு புயல் பிலிப்பைன்ஸை நோக்கி நகர்கிறது. இவர்கள் மேலிருந்து பார்க்க மட்டும் முடியும். எட்டு நாள் வேலையாக 2024 ஜூனில் போன சுனிதா வில்லியம்ஸ் 2025 மார்ச் வரை மேலேயே இருந்ததை நினைத்துக்கொண்டு படித்தால் ஒவ்வொரு பக்கமும் வேறு மாதிரி தைக்கிறது. ஆங்கிலம் கவிதைக்குப் பக்கத்தில் போகிற நடை. வேகமாகப் படித்தால் ஒன்றும் ஒட்டாது.

அடுத்தது ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908'. டிசம்பரில் சாகித்திய அகாதெமி விருது அறிவித்தார்கள். 1984-இல் வ.உ.சி.யின் கடிதங்களைப் பதிப்பித்ததிலிருந்து அவர் இந்த மனிதரை விடாமல் தொடர்ந்து வருகிறார். அந்த உழைப்பின் கனம் இந்த நூலில் தெரிகிறது. 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதாக, மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. நகராட்சி அலுவலகமும் தபால் நிலையமும் எரிந்தன. போலீஸ் சுட்டதில் 4 பேர் இறந்தார்கள். தலைவர் கைதானதற்காகக் கடை அடைத்து வீதிக்கு வந்த சாதாரண மக்கள் யார், என்ன தொழில் செய்தவர்கள், அவர்களுக்குப் பிறகு என்ன ஆனது என்று ஆவணங்களிலிருந்து தேடி எடுத்திருக்கிறார். வரலாற்று நூலென்றால் அலுப்பாக இருக்கும் என்று நினைப்பவர்களிடம் இதைக் கொடுக்கலாம். நெல்லைப் பக்கம் ஊர் உள்ளவர்களுக்கு இரட்டை லாபம். படித்துவிட்டு வெளியே போனால் தெருவே வேறாகத் தெரியும்.

மூன்றாவது, அக்டோபரில் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங்கின் நாவல். 2007-இல் கொரிய மொழியில் வந்தது, தமிழில் சமயவேல் மொழிபெயர்ப்பில் 'மரக்கறி' என்ற பெயரில் இருக்கிறது. ஒரு கனவு கண்ட பிறகு இறைச்சி சாப்பிடுவதை நிறுத்திவிடுகிறாள் ஒரு பெண். அவ்வளவு சின்ன மறுப்பு. அதை அவள் குடும்பத்தால் தாங்க முடியவில்லை. அவள் வாயைத் திறந்து இறைச்சியைத் திணிக்கப் பார்க்கும் அப்பாவைப் படித்தபோது, எனக்கு அந்த ஷேர் ஆட்டோவும் பாண்டியின் கையும் நினைவுக்கு வந்துவிட்டன. கொரியாவின் சியோல் நகரமும் மதுரைப் பக்கத்துக் கிராமமும் எவ்வளவு தூரம்! ஆனால் ஒரு பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதற்குமேல் விளக்கம் தராமல் இருந்தால், இரண்டு இடத்திலும் வீடு அதை நோயாகத்தான் பார்க்கிறது. நாவலின் மூன்று பகுதிகளும் கணவன், அக்காவின் கணவன், அக்கா என்று சுற்றியிருப்பவர்களின் பக்கமிருந்து நகர்கின்றன. அவளுடைய சொந்தக் குரல் சில கனவுகளில் மட்டும் கேட்கிறது. கொட்டுக்காளியிலும் மீனா பேசுவது அபூர்வம். பேசாத பெண்ணைச் சுற்றி மற்றவர்கள் எழுப்புகிற இரைச்சலைக் கொண்டே அவளைக் காட்டுவது எவ்வளவு கடினமான கலை என்று இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் புரியும்.

அதனால் என் ஒரு புத்தகம் மரக்கறி. கொட்டுக்காளியைப் பார்த்த மறுநாள் தொடங்கினால் இரண்டு உட்காரலில் முடிந்துவிடும். வீட்டில் பிள்ளைகள் கூச்சலுக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் படிக்க முடியும் என்றால் வேங்கடாசலபதி. ரயிலில் ஜன்னலோரம் கிடைத்திருந்தால் ஆர்பிட்டல்.

கணக்கும் கொஞ்சம்

எல்லாவற்றுக்கும் சந்தா கட்டினால் விடுமுறை போனஸ் அதிலேயே போய்விடும். 2025 ஜனவரியில் லப்பர் பந்து, வாழை, ஷோகன் மூன்றும் ஹாட்ஸ்டாரில் இருந்தன. டிவியில் பார்க்கும்படியான சூப்பர் திட்டம் அப்போது மூன்று மாதத்துக்கு 299 ரூபாயாக இருந்தது. மெய்யழகன், மகாராஜா, மகோந்தோ தொடர் நெட்ஃபிளிக்ஸில் இருந்தன. அங்கே அப்போது இருந்த 149 ரூபாய்த் திட்டம் போனுக்கு மட்டும்தான், டிவியில் வராது. டிவி வேண்டுமென்றால் 199 ரூபாய்த் திட்டத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. கொட்டுக்காளி அமேசான் பிரைமில் இருந்தது, அப்போது மாதம் 299. ஒன்றுதான் கட்டப்போகிறீர்கள் என்றால் ஹாட்ஸ்டார். ஒரே சந்தாவில் மதியத்துக்கு ஒரு படம், மாலைக்கு ஒரு படம், இரவுக்கு ஒரு தொடர் அமைந்துவிடுகிறது. பிரைம் பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே சாமான் வாங்குவதற்காக இருக்கும், அப்படியானால் கொட்டுக்காளியும் கைக்குள் வந்துவிடும். மெய்யழகன்தான் நெட்ஃபிளிக்ஸ் கேட்கிறது. அந்தக் காணும் பொங்கல் இரவுக்காக ஒரு மாதம் மட்டும் சந்தா கட்டுவது எனக்குக் கனமாகத் தெரியவில்லை.

ஊரில் இன்டர்நெட் கிடைப்பது சந்தேகம் என்றால், கிளம்பும் முன்பே வீட்டு வைஃபையில் ஷோகன் 10 பகுதிகளையும் போனிலோ டேப்லெட்டிலோ இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். லப்பர் பந்தையும் சேர்த்து இறக்கிவிடுங்கள், பஸ்ஸில் பிள்ளைகளுக்கு ஆகும்.